தூக்கத் திருடி

சலவைக் கடையின் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. படிக்கு ஒரு குழந்தை, குழந்தைக்கு ஒரு பை, பையைத் தூக்க ஒரு அப்பா. அம்மாக்கள் சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும். பின்னால் நிற்பவரும் தூங்கிப் போயிருந்தால் வரிசை அப்படியே நின்றுவிடும்.

எல்லோரும் நித்திரைத் தாயைப் பார்க்க வந்தவர்கள்.

தாயின் பெருமை ஊரெல்லாம் பரவியிருந்தது. அவர் பார்த்தால் குழந்தை கொட்டாவி விடுமாம். தொட்டால் கண் சொக்குமாம். அவர் நடந்து போன தெருவில் அன்று முழுக்க ஒரு நாய்கூடக் குரைக்கவில்லையாம். ஒரு முறை பஸ்ஸில் ஏறினாராம். கண்டக்டர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாராம். தாய் டிக்கெட் எடுக்காமலேயே இறங்கினாராம். இதைச் சொன்ன பக்தருக்குச் சொல்லும்போதே மெய் சிலிர்த்தது. நல்லவேளை, தாயின் பார்வை டிரைவர் பக்கம் திரும்பவில்லை! ஆனால் அப்படி நினைத்துப் பார்க்க ஒரு மனிதர் முந்தின நாள் கொஞ்சமாவது தூங்கியிருக்க வேண்டும். அந்தப் படிக்கட்டில் அப்படி யாரும் இல்லை.

வரிசையின் நடுவில், சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்ததுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார் தராசு மேடம்.

அது கடைக்காரர்கள் வைத்த பெயர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை போடும் அரசாங்க அதிகாரி அவர். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவர்கள், எடைக்கல்லை அடியில் குடைந்தவர்கள் எல்லோரும் அவரிடம் பிடிபட்டுப் பேந்தப் பேந்த விழித்தவர்கள்தான். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைவீதி முழுக்க எடை தானாகச் சரியாகிவிடும் என்று பேச்சு. அப்படிப்பட்டவர் இப்போது பிரசவ விடுப்பில் இருந்தார். பாவம், அவருடைய மூளையும் கூடவே விடுப்பு எடுத்துக்கொண்டது.

காரணம், அவர் தோளில் கிடந்த மேனேஜர்.

மேனேஜர் அவருடைய மகள். வீட்டில் யார் எப்போது சாப்பிடலாம், யார் எப்போது குளிக்கலாம் என்பதையெல்லாம் பல் முளைக்காத அந்த அம்மையார்தான் முடிவு செய்துகொண்டிருந்தார் என்பதால் அந்தப் பெயர். தோளில் தூங்குவாள். மடியில் தூங்குவாள். முதுகு மெத்தையைத் தொட்டதோ இல்லையோ, யாரோ சொத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி கத்துவாள். அப்பா பேக்கரியில் மாவு பிசைகிறவர். ஊர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிப் போயாக வேண்டும். அதனால் அந்தக் குடும்பம் ஓடியதே ஓர் ஆளால்தான்.

அந்த ஆள், தராசு மேடத்தின் நாத்தனார். கணவருக்கு அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகிய மனுஷி என்பதால் எதற்கும் பதற மாட்டார். "என் மருமகளை நான் பார்த்துக்கறேன்" என்று பெட்டியோடு வந்து இறங்கியவர், விடிந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு, தம்பி மனைவியைப் போய்ப் படு என்று விரட்டுவார். தராசு மேடத்துக்கு ஒரு நாளில் வாய்க்கிற நிஜமான தூக்கம் அது ஒன்றுதான்.

நாத்தனாரிடம் ஒரே ஒரு குறை. படுத்தார் என்றால் தூங்கிவிடுவார். குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. மேட்டில் ஏறும் லாரி.

*

நித்திரைத் தாய் வருவதற்கு முன்னால் அந்த மாடி வேறு மாதிரி இருந்தது. அங்கே கூடியது 'தூங்காதோர் சங்கம்'. ஒரு பல் டாக்டரம்மா, தன் கைக்குழந்தையோடு ஆரம்பித்தது. புதிதாகப் பெற்றவர்கள் வாரா வாரம் கூடி, ஒருவர் கஷ்டத்தை ஒருவர் கேட்பார்கள். குளிப்பாட்டினால் தூங்குகிறதா, விளக்கை அணைத்தால் தூங்குகிறதா, எந்தப் பக்கம் ஆட்டினால் தூங்குகிறது என்று அனுபவங்களைப் பரிமாறிக்கொள்வார்கள். போன வாரம் பலித்தது இந்த வாரம் பலிக்காது. அதைச் சொல்லி ஒருத்தி அழுவாள். எனக்கும் அதேதான் என்று இன்னொருத்தி அழுவாள். அப்புறம் இரண்டு பேரும் சிரிப்பார்கள். பெரிய மருந்து ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போது பாரம் குறைந்திருக்கும்.

சலவைக் கடை மாடியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. கீழே மெஷின்கள் ஓடும்போது தரை இலேசாக அதிரும். 'உம்ம்ம்' என்று ஒரே சீராகச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் குழந்தைகள் சொக்கிப்போவதை முதல் கூட்டத்திலேயே அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஒரு நாள் பல் டாக்டரம்மாவிடம் பல் கட்ட வந்த ஓர் அம்மாள், நானும் வந்து கேட்கட்டுமா என்றார். வந்தார். மூலையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், எல்லாவற்றையும் காது குளிரக் கேட்டார். அடுத்த வாரம் வெள்ளைப் புடவை, வெள்ளை நூல்கண்டு, காணிக்கைப் பெட்டி சகிதம் நித்திரைத் தாயாக வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

தாயின் தத்துவம் எளிமையானது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு தூக்கம் என்று மேலே அளந்து அனுப்புகிறார்கள். வீட்டில் யாராவது தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டால், குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டியது குறைந்துவிடும். குழந்தை தூங்கவில்லையா? வீட்டில் திருடன் இருக்கிறான்!

திருடனைக் கண்டுபிடிக்கத் தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"உங்க வீட்ல யாரு நல்லா தூங்குறா?"

என்ன ஒரு கேள்வி! எந்த வீட்டில்தான் நன்றாகத் தூங்குகிற ஆள் ஒருவர் இல்லை? தூக்கமில்லாமல் தவிக்கிறவளுக்கு அந்த ஆளைப் பார்த்தாலே ஏற்கெனவே பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலுக்குத் தாய் ஒரு சாமி பேர் வைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். பெட்டி நிறைந்தது.

திருடர்கள் வரிசையாகப் பிடிபட்டார்கள். ஒரு வீட்டில் மாமனார். அவரை மூட்டை கட்டி மூத்த மகன் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வீட்டில் பூனை. மெத்தைக் கடைக்காரர் ஒருவர் இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பா. வீட்டில் நன்றாகத் தூங்குவது அவர்தான் என்று மனைவி சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் மெத்தை விற்கிற அந்த மனிதர், அன்றிலிருந்து காரின் பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறார். வீட்டில் அவர் மனைவி ஒற்றை ஆளாக இரண்டையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறாள். குழந்தைகளும் தூங்கவில்லை, அவளும் தூங்கவில்லை, இப்போது அவரும் தூங்கவில்லை. நீதி நிலைநாட்டப்பட்டுவிட்டது.

*

தராசு மேடத்தின் முறை வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரும் பின்னாலேயே வந்தார். தடுப்பூசி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துத்தான் அவர் கூட வந்திருந்தார்.

தாய் கண்ணை மூடியபடியே கேட்டார். "சொல்லு மகளே. உங்க வீட்ல யாரு நல்லா தூங்குறா?"

தராசு மேடம் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் இருந்திருந்தால் அந்த மாடிக்கே வந்திருக்க மாட்டார்.

"எங்க அண்ணிதான். படுத்தா அவ்வளவுதான். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அண்ணி பக்கத்திலேயே நிற்பது நினைவுக்கு வந்தது. கூட்டம் மொத்தமும் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தது. திருடனை நேரில் பார்க்கிற ஆர்வம் எல்லோர் முகத்திலும்.

"கல்யாணம் ஆச்சா?" என்றார் தாய்.

"இல்லைங்க. அதுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் நாத்தனார்.

"குழந்தை குட்டி இல்ல, கவலை இல்ல. அதான் தூக்கம் அங்க போய்ச் சேருது." கூட்டம் 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டியது. நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. தராசு மேடம் தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சடங்கு ஆரம்பமானது. அதற்கு விதிகள் உண்டு. வருகிற அன்று காலையிலிருந்து குழந்தையைத் தூங்க விடக் கூடாது. அது திருட்டுத் தூக்கமாம். சடங்குக்குச் சற்று முன் வயிறு நிறையப் பால் கொடுக்க வேண்டும். ஜன்னலை மூடி அறையை இருட்டாக்க வேண்டும். யாரும் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. பெற்றவள் குழந்தையைத் தோளில் போட்டு இலேசாக ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டும். திருடியின் பார்வை குழந்தைமேல் படக் கூடாது என்பதால் அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து, மணிக்கட்டில் நூலைக் கட்டுவார்கள். நூல் திரைக்கு அடியில் புகுந்து வந்து, நித்திரைத் தாயின் விரல்களைச் சுற்றி, குழந்தையின் துண்டு நுனியில் வந்து முடியும். அந்த நூல் வழியாகத் தூக்கம் திரும்பி ஓடி வரும்.

"வந்துடு... வந்துடு... உரிய இடத்துக்கு வந்துடு..." என்று தாய் முணுமுணுத்தார். தரை 'உம்ம்ம்' என்றது. மேனேஜரின் கண்கள் செருகின. தலை அம்மாவின் தோளில் சரிந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் விசும்பினார்கள்.

அதே நேரம் திரைக்குப் பின்னாலிருந்து லாரி மேடேறத் தொடங்கியது. நாத்தனாரும் தூங்கிவிட்டார்.

ஒரு கணம் கூட்டம் குழம்பியது. தூக்கத்தைப் பிடுங்கிவிட்டால் அவருக்கு விழிப்பு அல்லவா வர வேண்டும்?

"பார்த்தீங்களா!" என்றார் தாய், கொஞ்சமும் அசராமல். "எடுக்க எடுக்க வருது. எவ்வளவு பதுக்கி வெச்சிருக்கா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விழித்திருந்தால் பறிகொடுத்தாள், தூங்கினால் பதுக்கினாள். எப்படிப் பார்த்தாலும் தாய் சொன்னதுதான் சரி. இப்படி ஒரு தராசைக் கடைவீதியில் பார்த்திருந்தால் தராசு மேடம் அங்கேயே சீல் வைத்திருப்பார்.

தாய் தீர்ப்புச் சொன்னார். "இன்னைக்கு வந்தது அட்வான்ஸ். அடுத்த வாரம் இவளப் பெட்டியோட கூட்டிட்டு வா. நூலை அறுத்து விடுறேன். இங்கிருந்து அப்படியே போயிடணும். குழந்தை நடக்குற வரைக்கும் அந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. எனக்கெல்லாம் படுத்ததும் தூக்கம் வரும் மகளே. அது நான் வாங்கி வந்த வரம். இவளுக்கு வர்றது களவு."

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மேனேஜர் விழித்துக்கொண்டாள். பகல் தூக்கத்தையும் கெடுத்ததில் அவளுக்குக் களைப்பு தலைக்கேறி, வழக்கத்தைவிடப் பிரமாதமாகக் கத்தினாள். அதற்கும் காரணம் இருந்தது. திருடி இன்னும் வீட்டில்தானே இருக்கிறாள்?

*

நாத்தனார் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தராசு மேடத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"டிரைவிங் ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு ஹாஸ்டல் இருக்கு. பேசிட்டேன்" என்றார். "நான் போனா குழந்தை தூங்கும்னா போயிட்டுப் போறேன். எனக்கு என்ன?"

கணவரிடம் கேட்டதற்கு, அவர் உலகத்துத் தம்பிகள் எல்லோரும் காலம்காலமாகச் சொல்லும் பதிலைச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க." சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தன்று காலை. பெட்டி வாசலில் தயாராக இருந்தது. அன்று மேனேஜருக்கு எடை பார்க்கும் நாள். எது நின்றாலும் அது நிற்காது; தொழில் புத்தி. தராசு மேடம் சமையல் மேடைமேல் தராசை வைத்தார். பிரம்புக் கூடையைத் தட்டில் வைத்து, குனிந்து முள்ளைப் பார்த்தார். நாத்தனார் மருமகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கடைசியாக ஒரு தடவை தூக்கி வைத்துக்கொள்கிறோம் என்ற நினைப்பு கையில் தெரிந்தது.

"குழந்தையத்தான வைக்கணும்? வெறும் கூடைய எதுக்கு வெச்சுப் பார்த்துட்டு இருக்க?"

"வெறும் கூடை எவ்வளவு காட்டுதுன்னு தெரியாம, குழந்தை எவ்வளவுன்னு எப்படி அண்ணி தெரியும்? காலித் தட்டத்தான் முதல்ல பார்க்கணும். வேலைல சேர்ந்த அன்னைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. திருட்டுத் தராசு எல்லாம் காலித் தட்டுலதான்..."

வாய் அப்படியே நின்றது.

முத்திரை குத்துகிற ஆளுக்கு மூளை விடுப்பிலிருந்து திரும்பி வந்த நேரம் அதுதான். அந்த மாடியில் எல்லாவற்றையும் தட்டில் வைத்தார்கள். பால், இருட்டு, ஆட்டம், மெஷின் சத்தம், நூல், அண்ணி. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துவிட்டு எடை மொத்தமும் அண்ணியுடையது என்றார்கள். அண்ணியை எடுத்துவிட்டு ஒரு தடவையாவது பார்த்தார்களா? பார்க்க வேண்டியவர் அங்கேதானே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்!

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக, இந்த மனுஷியைக் கூட்டத்துக்கு நடுவில் காட்டிக் கொடுத்தோமே என்று உறுத்தியது.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. நான் புத்தி கெட்டுப் போயிட்டேன்."

"தூக்கம் கெட்டா புத்தி கெடத்தான் செய்யும்" என்றார் நாத்தனார். "ஆனா அன்னைக்கு நீ தரையப் பார்த்த பாரு, அதுதான் வலிச்சுது."

மேனேஜர் நாத்தனாரின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அதில் இரண்டு பேருக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன.

"சரி, பெட்டிய உள்ள வெச்சிடவா?"

"வேண்டாம் அண்ணி. பெட்டியோடயே வாங்க" என்றார் தராசு மேடம். கடைவீதி நடுங்கும் அந்தப் பழைய குரல் திரும்பியிருந்தது. "ஒரு தராசச் சோதிக்க வேண்டியிருக்கு."

*

அன்று கூட்டம் இன்னும் அதிகம். திருடி பெட்டியோடு வெளியேறும் காட்சியை நேரில் பார்க்க, சங்கத்தில் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். குழந்தையே இல்லாத இரண்டு பேர்கூட முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாத்தனார் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். நூலைக் கட்டுகிற பொறுப்பைத் தராசு மேடமே ஏற்றுக்கொண்டு கூடவே போனார். "கெட்டியா கட்டு மகளே" என்றார் தாய். "கெட்டியாத்தான் கட்டியிருக்கேன்" என்று திரும்பி வந்தார் தராசு மேடம். விதிகளில் ஒன்றைக்கூட மீறவில்லை. பால் கொடுத்தாயிற்று. ஜன்னல் மூடியாயிற்று. தோளில் போட்டு ஆட்டத் தொடங்கினார். கீழே மெஷின்கள் 'உம்ம்ம்' என்றன.

தாய் நூலை விரல்களில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடினார். உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது.

"ஓடி வருது! அவ நாடி என் விரல்ல அடிக்குது! விட மாட்டேங்குறா... இழுத்துப் பிடிக்குறா... கல்நெஞ்சுக்காரி!"

"ஐயோ பாவி" என்றது முன் வரிசை.

மேனேஜரின் தலை சரிந்தது. கண் மூடியது. வாய் இலேசாகத் திறந்தது. தூங்கிவிட்டாள்!

"முடிஞ்சுது!" என்றார் தாய். "அவகிட்ட ஒரு சொட்டு மிச்சமில்ல. மொத்தத்தையும் வாங்கிட்டேன்."

கைதட்டலாமா, குழந்தை எழுந்துவிடுமா என்று கூட்டம் தவித்துக்கொண்டிருந்தபோது, மாடிக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் ஒரு தட்டு. தட்டு நிறைய டீக் கோப்பைகள்.

"யாருக்கு சர்க்கரை வேண்டாம்?" என்றார் நாத்தனார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், மறுபடி அவரைப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்த பின்பக்கப் படி வழியாக இறங்கிப்போய், கீழே டீ போட்டு, முன்பக்கப் படி வழியாக ஏறி வந்திருந்தார்.

"அப்ப... உள்ள யாரு?" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

தராசு மேடம் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திரையை விலக்கினார். நாற்காலிமேல் சலவைக் கடைத் துடைப்பம் ஒன்று கம்பீரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தில் வெள்ளை நூல், கெட்டியாக, இரட்டை முடிச்சோடு.

"தாயே, இதோட நாடிதான் உங்க விரல்ல அடிச்சுது" என்றார் தராசு மேடம். "கல்நெஞ்சுக்காரின்னு வேற திட்டிட்டீங்க. பாவம், அதுக்கு நெஞ்சே கிடையாது."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் தாய் இலேசுப்பட்டவர் இல்லை.

"அந்தத் துடைப்பம் அவ தொட்டது! அவ தொட்டதால தூக்கம் அதுக்குள்ள இறங்கிடுச்சு!"

"அப்படியா? சரி, அப்ப துடைப்பமும் வேண்டாம், நூலும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்றார் தராசு மேடம். "ஒரு தட்டுல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டுத்தான் பார்க்கணும். சார், உங்க ரெட்டைங்களத் தாங்க."

மெத்தைக் கடைக்காரர் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி இன்னொன்றைப் போட்டுக்கொண்டாள். பால் குடித்த குழந்தைகள். காலையிலிருந்து தூங்கவிடாத குழந்தைகள். இருட்டறையில், மெஷின் சத்தத்தில், ஆட்டி ஆட்டி நின்றார்கள். தாய் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒன்று தூங்கிவிட்டது. மற்றது கூரை இடியக் கத்தியது.

"பாருங்க, பாருங்க! ஒண்ணு தூங்கல!" என்று தாய் துள்ளி எழுந்தார்.

"நூல் இருந்தப்பவும் இதே கதைதாங்க" என்றார் மெத்தைக் கடைக்காரர். "போன தடவையும் ஒண்ணுதான் தூங்குச்சு. நான் கார்ல படுக்குறது பத்தல, தெருமுனைல வண்டிய நிறுத்திப் படுன்னீங்க. நான் போய்ப் படுத்தேன்! என் இடுப்பு போச்சு!"

பல் டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தபடி எழுந்தார். "வயிறு நிறையப் பால், இருட்டு, ஆட்டுறது, இந்த மெஷின் சத்தம்... இதெல்லாம் நாம முதல் கூட்டத்துல பேசினதாச்சே! இவங்க மூலைல உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தாங்க. நாம சொன்னதையே நமக்கு வித்திருக்காங்க. அவங்க கொண்டு வந்தது அந்த நூல் மட்டும்தான்."

"பகல்ல தூங்க விடாதேங்குறதையும் அவங்கதான் கொண்டு வந்தாங்க" என்றார் தராசு மேடம். "களைச்ச குழந்தை இங்க உங்க முன்னாடி தூங்கும். வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்கக் கத்தும். கத்தினா அடுத்த வாரம் மறுபடி வருவோம். கூட்டத்தன்னைக்குச் சலவைக் கடை லீவுன்னா மட்டும் தாய் ஏன் வர்றதில்ல, யோசிச்சீங்களா?"

"அன்னைக்கு நான் மௌன விரதம்" என்றார் தாய், ஈனஸ்வரத்தில்.

"மெஷினும் அன்னைக்குத்தான் மௌன விரதம்."

மாமனாரை மூட்டை கட்டி அனுப்பிய மருமகள் ஒருத்தி, மூலையில் போய் ஃபோனை எடுத்தாள். "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தவளுக்கு மேலே பேச்சு வரவில்லை.

நித்திரைத் தாய் நூல்கண்டைச் சுருட்டினார். காணிக்கைப் பெட்டியை நோக்கிக் கை நீண்டது. அதன்மேல் ஏற்கெனவே பல் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் வெறுங்கையோடு கதவை நோக்கி நகர்ந்த தாயை, நாத்தனார் டீத் தட்டோடு மறித்தார்.

"ஒரே ஒரு சந்தேகம்ங்க. படுத்ததும் உங்களுக்குத் தூக்கம் வரும்னு சொன்னீங்களே. அது யார் வீட்டுத் தூக்கம்?"

தாய் தட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்தார். இரண்டிரண்டு படியாகத் தாண்டி, கம்பி நீட்டிவிட்டார்.

நாத்தனார் தன் பெட்டியை எடுத்தார். "ஹாஸ்டல்காரங்களுக்கு ஃபோன் பண்ணி வரலன்னு சொல்லிடு" என்றார் தம்பி மனைவியிடம். தராசு மேடம் பெட்டியைப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டார். ஒரு தோளில் மேனேஜர், ஒரு கையில் பெட்டி. பெட்டி கனத்தது. ஆனால் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவருக்கு உடம்பு இலேசாக இருந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படியில் இறங்கும்போது முன் வரிசைக்காரர் ஒருவர் ஓடி வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்தத் துடைப்பம்... ஒரு வாரத்துக்கு எங்க வீட்டுக்குக் கிடைக்குமா?"

அன்று ராத்திரி மேனேஜர் தூங்கவில்லை. குழந்தைகள் அப்படித்தான், வளர வளரத்தான் தூங்குவார்கள். நாத்தனாரின் லாரி மேடேறியது. விடிந்ததும் அவர் எழுந்து வந்து மருமகளை வாங்கிக்கொண்டார். தராசு மேடம் போய்ப் படுத்துத் தூங்கினார்.

ஊரில் நூல்கண்டுக்குப் பஞ்சமில்லை. நாளைக்கே இன்னொரு தாயோ தந்தையோ உங்கள் வீட்டுக்கும் வருவார். உங்கள் கஷ்டத்துக்கு உங்கள் வீட்டிலேயே ஒரு திருடனைக் காட்டுவார். பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தத் திரையை விலக்கிப் பாருங்கள். விலக்கிப் பார்க்கச் சோம்பலாக இருந்தால், நூலின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் துடைப்பத்துக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.